பஸ் நிறுத்துறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு மக்களே

எங்கள் வகுப்பில் எட்டுப் பேர் சேர்ந்து ஹேட்ரிக் ஆடுகிறோம். அதில் ஒருவனைத் திட்டவேண்டும் என்றால் ‘பஸ் டிரைவர்’ என்று சொன்னால் போதும். கோல் அடிக்கும் எண்ணமே இல்லாமல் பதினோரு பேரையும் கோல்போஸ்ட் முன்னால் நிற்க வைத்து, 0-0 வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன்தான் பஸ் டிரைவர். வார்த்தையின் பூர்வீகம் தெரியாதவர்களுக்கு: 2004-ல் மொரீனியோ செல்சிக்கு வந்த புதிதில், டாட்டன்ஹாம் அணி வந்து கோலே விடாமல் டிரா செய்துவிட்டுப் போனது. அந்தக் கடுப்பில், பஸ்ஸைக் கொண்டுவந்து கோலுக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள் என்கிற மாதிரி அவர் பேசினார். பிற்பாடு உலகம் பூராவும் அவரையே பஸ் டிரைவர் என்று சொன்னது தனிக்கதை.

திட்டுவதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த ரவுண்டு ஆரம்பிப்பதற்குள் ஒரு சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம். "ஐந்து டிஃபென்டர் வைக்கக் கூடாது. வைத்தால் அந்த ஆட்டம் தோல்வி." எட்டில் நான்கு பேர் ஏற்கெனவே தலையாட்டியாகிவிட்டது. இன்னும் ஒருவன் தலையாட்டினால் முடிந்தது. அந்த ஒருவனுக்காகவும், ஹேட்ரிக் என்றால் என்ன என்றே தெரியாமல் இங்கே வந்து மாட்டிக்கொண்ட மற்றவர்களுக்காகவும்தான் இவ்வளவு நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆட்டம். ஹேட்ரிக் 1997-ல் ஸ்வீடனில் ஆரம்பித்தது. இதில் நாம் பந்தை உதைக்கப் போவதில்லை. கம்ப்யூட்டர் கிராபிக்ஸ், ஜாய்ஸ்டிக் எதுவும் கிடையாது. அணி நம்முடையது, யாரை வாங்குவது, எதில் பயிற்சி கொடுப்பது, யாரை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் நம் வேலை. ஆட்டத்துக்கு முன்பே ஆர்டரை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் நிஜ ஆட்டம் மாதிரியே தொண்ணூறு நிமிடம் எழுத்தில் ஓடும். வாரக்கடைசியில் லீக் ஆட்டம். கோப்பையிலிருந்து வெளியே வந்துவிட்டால் வார நடுவில் யாரோடாவது நட்பு ஆட்டம் போட்டுக்கொள்ளலாம். நாங்கள் எட்டுப் பேரும் சீக்கிரமே வெளியே வந்துவிடுகிற திறமைசாலிகள் என்பதால், அந்த நட்பு ஆட்டங்களை வைத்து நாங்களே ஒரு நோட்டில் பாயின்ட் போட்டு டோர்னமென்ட் நடத்துகிறோம். குரும்பகரத்தில் சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும்போதுகூட ஆடக்கூடிய ஆட்டம் என்பது இதன் பெரிய வசதி.

இப்போது டிஃபென்ஸ். எங்கள் பசங்களில் பஸ் டிரைவரைத் திட்டுகிறவனுக்கும் சரி, பஸ் நிறுத்த முயற்சி செய்கிறவனுக்கும் சரி, ஒரே தவறான படம்தான் மனதில் இருக்கிறது. டிஃபென்ஸ் என்றால் சுவர். ஆள் அதிகம் வைத்தால் சுவர் தடிமன் அதிகம். அவ்வளவுதான். ஆட்டத்தின் உள்கணக்கைக் கொஞ்சம் பார்த்தால் இது எவ்வளவு அபத்தம் என்று புரியும்.

ஹேட்ரிக்கில் ஒரு அணிக்கு ஏழு மதிப்பீடுகள். நடுக்களம் ஒன்று. டிஃபென்ஸ் இடது, நடு, வலது என்று மூன்று. அட்டாக்கும் அதே மாதிரி மூன்று. ஒரு ஆட்டத்தில் ஏறத்தாழப் பத்து வழக்கமான கோல் வாய்ப்புகள் வரும். அதில் யாருக்கு எத்தனை என்பதை நடுக்களம் முடிவு செய்யும். வந்த வாய்ப்பு கோல் ஆகுமா என்பதை அந்தப் பக்கத்து அட்டாக்கும் டிஃபென்ஸும் மோதி முடிவு செய்யும். எதிராளியின் இடது அட்டாக் உங்கள் வலது டிஃபென்ஸோடு மோதும், கண்ணாடி மாதிரி. சாதாரணமாக ஒரு அணியின் வாய்ப்புகளில் 35 சதவீதம் நடுவழியே வரும், இரண்டு ஓரங்களிலும் தலா 25 சதவீதம், மீதி 15 சதவீதம் ஃப்ரீ கிக், பெனால்டி வகையறா.

இதை வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். உங்களைவிட நடுக்களத்தில் மிகவும் பலமான அணியோடு ஆடுகிறீர்கள். பத்தில் எட்டு வாய்ப்பு அவனுக்கு என்று வைத்துக்கொள்வோம். எட்டில் நடுவழியே வருவது சுமார் மூன்று. இடது ஓரம் இரண்டு, வலது ஓரம் இரண்டு. ஒன்று ஃப்ரீ கிக்கில். நம்ம ஆள் என்ன செய்கிறான்? கையில் இருக்கிற காசையெல்லாம் கொட்டி மூன்று நல்ல சென்ட்ரல் டிஃபென்டர் வாங்கி நடுவில் நிறுத்துகிறான். விங் பேக் இடத்தில் கிடைத்த பையனைப் போடுகிறான். நடுவில் மூன்று வாய்ப்புக்குக் கோட்டை; ஓரங்களில் நான்கு வாய்ப்புக்குத் தட்டி. இதில் இன்னொரு வேடிக்கை, நடுவில் மூன்று பேரை நெருக்கி நிறுத்தினால் மூவருமே முழுப் பலத்தைத் தருவதில்லை. கூட்டம் கூடினால் ஒவ்வொருவர் பங்கும் கொஞ்சம் குறையும்படி ஆட்டத்தையே அமைத்து வைத்திருக்கிறார்கள். அதாவது காசு கொடுத்து வாங்கிய கோட்டையிலும் ஓட்டை.

3-0 என்று தோற்றுவிட்டு வந்து "அஞ்சு டிஃபென்டர் வச்சும் தோத்துட்டேன்டா மச்சான், இந்த ஆட்டம் பூரா லக்" என்று சொல்வான். லக் இல்லை மச்சான், கூட்டல் கழித்தல்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க ஃபுட்பாலே தேவையில்லை. காரைக்கால் காவிரியின் கடைமடை. ஆனி, ஆடியில் தண்ணீர் எப்போது வரும் என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு இருப்போம். ஐப்பசி, கார்த்திகையில் மேலே இருக்கிற எல்லாருக்கும் வேண்டாத தண்ணீர் மொத்தமாக எங்கள் பக்கம்தான் வரும். வருகிற வெள்ளத்தை வரப்பை உயர்த்தி நிறுத்தலாம் என்று எந்த விவசாயியும் நினைப்பதில்லை. நிறுத்தினால் எங்காவது உடைத்துக்கொள்ளும். எங்கே உடையும் என்பது நம் கையில் இருக்காது. ஒரு பக்கம் நாமே வெட்டி விடுவோம். தண்ணீர் எப்படியும் வரும், எந்த வழியாக வரவேண்டும் என்பதில் மட்டும்தான் நமக்குப் பேச்சு. டிஃபென்ஸ் டாக்டிக்ஸ் என்பது அந்த வெட்டி விடுகிற வேலை.

ஹேட்ரிக்கில் எப்படி வெட்டி விடுவது? முந்தைய ஆட்டங்களில் எதிராளியின் அட்டாக் எண்கள் எல்லாருக்கும் தெரியும்படி இருக்கும். நான்கு ஐந்து ஆட்டங்களைத் திறந்து பாருங்கள். நம் பசங்களில் முக்கால்வாசிப் பேருக்கு நல்ல விங்கர் ஒருவன்தான் இருப்பான். இரண்டாவது விங்கர் வாங்கக் காசு இருக்காது. அவன் இடது பக்கம் பலம் என்றால் உங்கள் வலது விங் பேக்குக்கு டிஃபென்சிவ் ஆர்டர். சென்ட்ரல் டிஃபென்டர்களில் ஒருவனை ‘ஓரத்துக்கு நகர்’ என்று வலது பக்கம் தள்ளுங்கள். வலது விங்கரையும் பின்னால் இழுங்கள். மறுபக்கம்? அது திறந்தே கிடக்கட்டும். அந்தப் பக்கம் வருகிற அவன் அட்டாக்கே நோஞ்சான். நோஞ்சான் வருகிற வாசலுக்கு எதற்கு இரண்டு பூட்டு?

ஒரு வேளை அவன் ‘நடுவழியே அட்டாக்’ என்கிற டாக்டிக்ஸ் போடுகிற வழக்கம் உள்ளவன் என்றால் கணக்கு மாறும். அவனுடைய ஓர வாய்ப்புகளில் ஒரு பகுதி நடுவுக்குப் போய்விடும். அதற்கு விலையாக அவனுடைய ஓர டிஃபென்ஸ் கொஞ்சம் இளகும். அப்போது உங்கள் ஒற்றை விங்கர்கூட உபயோகப்படுவான். இதையெல்லாம் பார்ப்பதற்கு ஆட்டத்துக்கு அரை மணி நேரம் ஆகும். பஸ் டிரைவர்கள் சோம்பேறிகள் என்று சொல்கிறவர்கள் ஒரு தடவை அந்த அரை மணி நேரத்தைச் செலவு செய்து பார்க்கலாம். தினமும் 3-5-2 போட்டு ‘அட்டாக் அட்டாக்’ என்று கத்துகிறவனுக்கு ஆர்டர் கொடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. சோம்பேறி யார்?

இதுவரை சொன்னது பாதிதான். கோல் விடாமல் இருப்பதோடு நிறுத்தினால், நீங்கள் திட்டுகிற பஸ் டிரைவர்தான் அவன். நானும் சேர்ந்து திட்டுகிறேன். மீதிப் பாதி கவுன்ட்டர் அட்டாக். ஹேட்ரிக்கில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, அதனால் கொஞ்சம் விரிவாக.

கவுன்ட்டர் அட்டாக் என்று டாக்டிக்ஸ் போட்டால், எதிராளி தவறவிடுகிற ஒவ்வொரு வாய்ப்பிலும் உங்களுக்கு ஒரு எதிர் வாய்ப்பு கிடைக்கக்கூடும். ஆனால் ஒரு நிபந்தனை: நடுக்களத்தில் நீங்கள் தோற்றிருக்க வேண்டும்! பந்து உங்கள் காலில் அதிகம் இருந்தால் கவுன்ட்டர் வேலை செய்யாது. அது மட்டுமல்ல, இந்த டாக்டிக்ஸைப் போட்டாலே நடுக்களப் பலத்தில் 7 சதவீதம் போய்விடும். எத்தனை கவுன்ட்டர் கிளம்பும் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் டிஃபென்டர்களின் இரண்டு திறமைகள். ஒன்று டிஃபென்டிங். இன்னொன்று பாஸிங். இதில் பாஸிங்குக்குத்தான் இரட்டிப்பு மதிப்பு. பந்தைப் பிடுங்குவதைவிட, பிடுங்கிய பந்தை யாரிடம் கொடுப்பது என்று தெரிந்தவனுக்கு மரியாதை. இதை யோசித்து வைத்த ஸ்வீடன்காரருக்கு ஒரு சல்யூட்.

இதனால்தான் உண்மையான டிஃபென்ஸ் அணி ஒரே ராத்திரியில் உருவாகாது. பாஸிங் தெரிந்த டிஃபென்டரைச் சந்தையில் தேடி அலைய வேண்டும். இல்லையென்றால் சீசன் சீசனாகப் பயிற்சி கொடுக்க வேண்டும். அதோடு நடுக்களத்தை மனதார விட்டுக்கொடுக்க வேண்டும். நம் பசங்க செய்கிற பெரிய தப்பு இங்கேதான். ஐந்து டிஃபென்டர், நான்கு மிட்ஃபீல்டர், ஒரே ஒரு ஃபார்வர்டு. நடுக்களம் பாதி நன்றாக இருக்கும். ஆகையால் கவுன்ட்டர் ஓடாது. ஓடினாலும் முன்னால் கோல் போட ஆள் இல்லை. ரெண்டுங்கெட்டான். விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்தால் சுத்தமாக விட்டுக்கொடுத்து 5-2-3 போடவேண்டும். பின்னால் ஐந்து, முன்னால் மூன்று. அதைப் பார்த்து யாராவது ‘கோல் போடும் எண்ணமே இல்லாதவன்’ என்று சொல்ல முடியுமா? மூன்று ஃபார்வர்டு வைத்து ஆடுகிறவனையும் நம் புதிய சட்டம் தடை செய்யப் போகிறது. எண்ணி ஐந்து இருந்தால் தோல்வி. கணக்கு வாத்தியார்கூட இவ்வளவு கறார் கிடையாது :-)

"அதெல்லாம் கம்ப்யூட்டர் ஆட்டத்தில் சரி, நிஜ ஃபுட்பாலில் இப்படி ஆடி ஜெயித்தவன் யார்?" என்று ஒரு கேள்வி வரும். வெளிநாட்டுக்குப் போகவேண்டாம், சென்னையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

2017-18 ஐ.எஸ்.எல். சீசன். லீக்கில் பெங்களூரு எஃப்.சி. 40 பாயின்டோடு முதலிடம். ஜான் கிரிகரியின் சென்னையின் எஃப்.சி. 32 பாயின்டோடு இரண்டாவது. அந்த சீசனின் சூப்பர் ஹீரோ அட்டாக் கோவா. 18 ஆட்டத்தில் 42 கோல். அதே 18 ஆட்டத்தில் சென்னை அடித்தது 24. பார்க்க அழகான அணி எது என்று கேட்டால் நானும் கோவா என்றுதான் சொல்வேன். அரையிறுதியில் இரண்டும் மோதின. கோவாவில் 1-1. சென்னையில் 3-0. 42 கோல் அடித்த அணி இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து ஒரே ஒரு கோல். அடித்த மூன்றில் இரண்டு ஜெஜே, ஒன்று நம்ம சென்னைப் பையன் தனபால் கணேஷ்.

மார்ச் 17, 2018. இறுதி ஆட்டம் பெங்களூருவின் சொந்த மைதானமான கண்டீரவாவில். ஒன்பதாவது நிமிடமே சுனில் சேத்ரி கோல் அடித்துவிட்டார். இந்த இடத்தில் டிஃபென்ஸ் அணிகள் பொதுவாக உடைந்துபோகும். சென்னை என்ன செய்தது? கார்னர் கிடைத்தது. மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி 1-1. இடைவேளைக்குச் சற்று முன் இன்னொரு கார்னர், அதே மைல்சன், அதே தலை. 67-வது நிமிடம் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது. கடைசியில் மீக்கு ஒன்று திருப்ப, 3-2. கோப்பை சென்னைக்கு. இரண்டு கோல் அடித்த மைல்சன் யார்? சென்டர் பேக். டிஃபென்டர்! ஹேட்ரிக்கிலும் ‘தலையால் முட்டுவதில் வல்லவன்’ என்று ஒரு சிறப்புத் தகுதி உண்டு. அப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு ஒரு கார்னருக்காகக் காத்திருப்பது கோழைத்தனம் என்றால், அந்தக் கோழைத்தனத்துக்குத்தான் நாமெல்லாம் அன்று ராத்திரி விசில் அடித்தோம்.

அடுத்து பிரான்ஸ். காரைக்காலில் பிரான்ஸ் ஆடினால் அது வெளிநாட்டு ஆட்டம் இல்லை. 1954 நவம்பர் வரை பிரெஞ்சு ஆட்சி இருந்த ஊர். இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. உலகக் கோப்பை வந்தால் நீலச் சட்டைக்குத்தான் ஆதரவு அதிகம். 2018 ஜூலை 10, அரையிறுதி. பெல்ஜியம் காலில்தான் பந்து அதிக நேரம். 51-வது நிமிடம் கிரீஸ்மான் கார்னர் அடிக்க, உம்டிட்டி என்கிற டிஃபென்டர் தலையால் முட்டினார். 1-0. அப்புறம் மிச்ச நேரம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்ததும் பெல்ஜியம் கோல்கீப்பர் குர்துவா இது ஃபுட்பாலே இல்லை என்கிற ரீதியில் புலம்பினார். ஐந்து நாள் கழித்து இறுதி ஆட்டத்திலும் பந்து அதிகம் குரோஷியாவிடம்தான். ஸ்கோர் 4-2, கோப்பை பிரான்ஸுக்கு. நான்கு கோல்! பந்தை விட்டுக்கொடுத்தவன் கோலை விட்டுக்கொடுக்கவில்லை. புதிய சட்டத்துக்குத் தலையாட்டிய நான்கு பேரில் இரண்டு பேர் எம்பாப்பே ரசிகர்கள் என்பதை இங்கே சபையின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

கிரீஸ் கதை எல்லாருக்கும் தெரியும். யூரோ 2004. காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றும் 1-0. காலிறுதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டது பிரான்ஸ். (எங்கள் ஊரில் இதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.)

ஜெயித்த கதையாகவே சொல்லிக்கொண்டு போனால் அது ஏமாற்று. 2019 செப்டம்பர் 10, தோஹா. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா, அந்த வருடம்தான் ஆசியக் கோப்பை வாங்கியிருந்த கத்தாரோடு ஆடியது. சேத்ரி உடம்பு சரியில்லாமல் வெளியே. குர்பிரீத் சிங் சந்து கேப்டன். கத்தார் இருபது தடவைக்கு மேல் கோலைப் பார்த்து அடித்தது. ஒன்றும் போகவில்லை. 0-0. நாடே கொண்டாடியது, நியாயமான கொண்டாட்டம். ஆனால் 2021 ஜூனில் அதே தோஹாவில் மறுபடி கத்தார். 17-வது நிமிடம் ராகுல் பேகேவுக்குச் சிவப்பு அட்டை. மீதி ஆட்டம் முழுக்கப் பத்துப் பேர். குர்பிரீத் மறுபடியும் தடுத்துத் தள்ளினார், இருந்தும் 0-1. இருபது வாய்ப்பைக் கொடுத்துவிட்டுக் கோல்கீப்பரை நம்பி நிற்பது ஒரு நாள் ஓடும், இன்னொரு நாள் ஓடாது. கவுன்ட்டர் இல்லாத டிஃபென்ஸுக்கு இதுதான் கதி. அதனால்தான் டிஃபென்டருக்குப் பாஸிங், பாஸிங் என்று தொண்டை வறளக் கத்துகிறேன்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். ஆதரவாளர்களின் ஒரே வாதம் "போர் அடிக்குது". எழுத்தில் ஓடுகிற ஒரு ஆட்டத்தில் தொண்ணூறு நிமிடம் எதுவுமே நடக்கவில்லை என்றால் போர்தான், மறுக்கவில்லை. ஆனால் இதைச் சொல்கிறவர்கள் யார் என்று பாருங்கள். எட்டு அணியில் முதலில் ஆரம்பித்தவர்கள். இரண்டு வருடம் காசு சேர்த்து நல்ல ப்ளேமேக்கர்களை வைத்திருப்பவர்கள். கடைசியில் சேர்ந்த நாங்கள் நான்கு பேர் நேருக்கு நேர் நடுக்களத்தில் மோதினால் அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், 5-0 ஜெயிக்கலாம். 2018-ல் உச்ச நீதிமன்றம் காவிரித் தண்ணீரைப் பங்கு பிரித்தபோது தமிழ்நாட்டுக்கு 404.25 டி.எம்.சி. என்றது, புதுச்சேரி மாநிலக் கணக்கில் எங்கள் காரைக்காலுக்கு 7. ஏழு டி.எம்.சி.காரனைப் பார்த்து "நீயும் எங்களை மாதிரி தாராளமா பாய்ச்சுடா, அப்பதான் பார்க்க அழகா இருக்கும்" என்று நானூறு டி.எம்.சி.காரன் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். பலமான அணியை வைத்துக்கொண்டு பலவீனமான அணிக்கு எதிராக ஐந்து டிஃபென்டர் போடுகிற ஒரு ஜீவன் நம்மிடையே இருக்கிறது. பெயர் சொல்லமாட்டேன், நெடுங்காடு பக்கம். அவனைத் திட்டுங்கள், நான் தடுக்கவில்லை.

போர் அடிக்கிறது என்கிற பிரச்சினை நிஜ ஃபுட்பாலுக்கும் வந்ததுதான். 1990 இத்தாலி உலகக் கோப்பையில் 52 ஆட்டத்தில் மொத்தமே 115 கோல். டிஃபென்டர் கோல்கீப்பருக்குத் தட்டிவிடுவார், கோல்கீப்பர் கையில் எடுத்துக்கொள்வார், மறுபடி டிஃபென்டருக்கு உருட்டிவிடுவார், பார்க்கிறவனுக்குத் தூக்கம். அதற்காக ‘நான்கு டிஃபென்டருக்கு மேல் கூடாது’ என்று யாராவது சட்டம் போட்டார்களா? 1992-ல் பேக் பாஸை கோல்கீப்பர் கையால் தொடக்கூடாது என்றார்கள். வெற்றிக்கு இரண்டு பாயின்ட் என்று இருந்ததை 1994 உலகக் கோப்பையில் மூன்று ஆக்கினார்கள். இங்கிலாந்து லீக்கில் அதற்கும் முன்னால், 1981-லேயே மூன்று. டிராவுக்காக ஆடுவதன் லாபத்தைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். யார் எங்கே நிற்கவேண்டும் என்பது அந்தந்தக் கோச்சின் பாடு.

நம் நோட்டை எடுத்துப் பாருங்கள். வெற்றிக்கு இன்னமும் இரண்டு பாயின்ட்தான் போட்டுக்கொண்டு இருக்கிறோம்! ஆரம்பத்தில் யாரோ சொன்னார்கள், அப்படியே ஓடுகிறது. ஹேட்ரிக் லீக்கிலேயே மூன்று, நாம் மட்டும் 1981-க்கு முந்தைய காலத்தில் இருக்கிறோம். ஏழு ஆட்டத்தையும் டிரா செய்கிறவனுக்கு ஏழு பாயின்ட். மூன்று ஜெயித்து நான்கு தோற்றவனுக்கு ஆறு. பஸ்ஸை நிறுத்தச் சொல்லிப் பரிசு கொடுத்துவிட்டு, நிறுத்துகிறவனைத் திட்டினால் எப்படி? மூன்று பாயின்ட் ஆக்கினால் அதே கணக்கில் டிராக்காரனுக்கு ஏழு, ஜெயித்தவனுக்கு ஒன்பது. அடுத்த வாரமே 5-4-1 எல்லாம் 5-2-3 ஆக மாறும், பந்தயம் வேண்டுமானாலும் கட்டுகிறேன்.

இன்னொன்று. தடை வந்தாலும் அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. 4-5-1 போட்டு இரண்டு விங்கருக்கும் டிஃபென்சிவ், இன்னர் மிட்ஃபீல்டர் மூவருக்கும் டிஃபென்சிவ் என்று ஆர்டர் கொடுத்தால், எண்ணிப் பார்க்க நான்கு டிஃபென்டர்தான் தெரியும். நடுக்களமும் நிரம்பிக் கிடக்கும். கவுன்ட்டரும் ஓடாது. 5-2-3-ல் கிடைக்கிற நாலு கவுன்ட்டர்கூடக் கிடைக்காமல் 0-0 மேல் 0-0-வாக விழும். போர் என்றால் அதுதான் போர். சட்டம் நிறைவேறினால் முதல் ஆளாக அதைத்தான் போடப்போகிறேன். சட்டப்படி ஆடுகிறேன் என்று நோட்டில் என் கைப்பட எழுதியும் வைப்பேன்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்கு அப்புறம் ஓட்டு. இன்னும் முடிவு செய்யாத அந்த ஒருவன், உன் அடுத்த ஆட்டம் முதலிடத்துக்காரனோடு என்பதை ஒரு தடவை பார்த்துவிட்டு வா. அவனுடைய இடது விங்கர் எண்ணையும் பார். உன் வலது விங் பேக் யார் என்பது எனக்குத் தெரியும், பாவம்.